இருபதாவது குண்டுக்கு மேல்

ஈசூன்,
3 பிப்ரவரி 2025

தம்பி வெங்கட்டுக்கு,

இங்கே நானும் உன் அண்ணி பாக்கியமும் நன்றாக இருக்கிறோம். அங்கே நீயும் உன் வீட்டாரும், குட்டி ரக்ஷனாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நியூசிலாந்தில் இப்போது வெயில் காலம் என்று எழுதியிருந்தாய். எங்களுக்கு எப்போதும் அதுதான்.

என் காது இன்னும் மோசமாகிவிட்டது. முப்பத்தைந்து வருடம் துப்பாக்கி கிளப்பில் வெடிச் சத்தம் கேட்டதற்குக் கூலி. போனை வைத்தால் ஈ பறக்கிற சத்தம்தான் வருகிறது. வாட்ஸ்அப்பில் கட்டைவிரலால் தட்டுவது எனக்கு ஒத்துவராது. "அண்ணனும் தம்பியும் இன்னும் லெட்டர் போட்டுக்கிறீங்க லா, ஸ்டாம்ப் விக்கிறவனே உங்களாலதான் பொழைக்கிறான்" என்று பாக்கியம் கிண்டல் செய்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆயுத அறையில் சும்மா கிடக்கும் ஐந்து பழைய போல்ட் ரைபிள்களுக்குப் புதுப் பேரல் போட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சிக்குக் கொடுக்க வேண்டும் என்கிறார் மேனேஜர் ரஞ்சன். நான்கு முடித்துவிட்டேன். ஐந்தாவது, பதினான்காம் எண். நம் அனு சுட்டுக்கொண்டிருந்த ரைபிள். அதன் பேரல், அது திருகி உட்கார்ந்திருக்கும் ரிசீவரை விட்டு அசைய மாட்டேன் என்கிறது. வைஸில் இறுக்கிப் பிடித்து, மூன்றடி நீளக் குறடு போட்டுத் தொங்கியும் பார்த்துவிட்டேன். ரஞ்சன் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

2011-இல் அதற்குப் பேரல் மாற்றியவன் நீ. கிளப்பில் நீ செய்த கடைசி வேலை அதுதான் என்று நினைக்கிறேன். மரையில் என்ன தடவினாய்? அதைத் தெரிந்துகொண்டால் எனக்கு வேலை சுலபம்.

அனு நலம். துவாஸ் துறைமுகத்தில் கிரேன் கட்டுப்பாட்டு அறையில்தான் இன்னும் இருக்கிறாள். மாதம் ஒரு தடவை அப்பா அம்மாவைப் பார்க்க வருவாள்.

உன் அண்ணன்,
ரகுபதி


இன்வர்கார்கில்,
24 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லாரும் நலம். ரக்ஷனா நெட்பால் குழுவில் சேர்ந்திருக்கிறாள். அண்ணியின் முட்டி வலி இப்போது எப்படி இருக்கிறது? உங்கள் காதுக்கு மெஷின் வைத்துக்கொள்ளுங்கள் என்று போன வருடமே சொன்னேன். கேட்டால்தானே.

பதினான்காம் எண்ணா? எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. எத்தனையோ பேரல் மாற்றியிருக்கிறேன். ஊடுருவும் எண்ணெயை விட்டு இரண்டு வாரம் ஊறவிடுங்கள். தினமும் நாலு தட்டு தட்டுங்கள். அதற்கும் வரவில்லையென்றால் அது இனித் தேறாது, விட்டுவிடுங்கள். பேரலை அறுத்துப் போட்டு, மிச்சத்தைக் கடைசலில் கடைந்து எடுத்துவிடலாம். ரிசீவர் கெட்டாலும் பரவாயில்லை, அந்த ரைபிளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம்.

என்ன செய்தாலும் சூடு மட்டும் காட்டாதீர்கள். ரிசீவரின் பதம் போய்விடும். உங்களுக்குத் தெரியாததா?

தம்பி,
வெங்கட்


ஈசூன்,
17 மார்ச் 2025

தம்பி வெங்கட்டுக்கு,

கடிதம் கிடைத்தது. ரக்ஷனாவுக்கு என் வாழ்த்து. உன் அண்ணிக்கு முட்டி வலி குறைந்து இப்போது தோள் வலி வந்திருக்கிறது. ஏதாவது ஒன்று இல்லாமல் அவளுக்குப் பொழுது போகாது.

எண்ணெய் விட்டு இரண்டு வாரம் ஊறவைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஜாலான் புசாரில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் அப்துல் கையூம், நோன்பு வைத்துக்கொண்டே பேரலின் அளவுக்கு அலுமினியக் கட்டை இரண்டு கடைந்து கொடுத்தார். வைஸில் அவற்றின் நடுவே பேரலை வைத்து இறுக்கினேன். வழுக்கியது. பிடிப்புக்குத் தூவுகிற ரோசின் தூள் கையில் இல்லை. சிராங்கூன் சாலையில் பூஜைச் சாமான் கடையில் குங்கிலியம் வாங்கி இடித்துத் தூவினேன். பிடி நன்றாக நின்றது. கிளப் முழுக்க கோயில் வாசனை. ஆனால் பேரல் மட்டும் திரும்பவில்லை.

நீ இன்னும் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. வழக்கமான கிரீஸ் என்றால் இத்தனை நேரம் கழன்றிருக்கும். என்ன தடவினாய்?

ஞாயிற்றுக்கிழமை அனு வந்தாள். சாப்பிடும்போது, உன் பழைய ரைபிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். எனக்குக் கேட்காது என்பதால் போனில் டைப் செய்து நீட்டினாள்: "அத ஏன்பா தொடுறீங்க? விடுங்க. உங்களுக்குத்தான் பிரச்சன வரும்." எனக்கு என்ன பிரச்சினை வரும் என்று கேட்டேன். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பதினான்கு வருடமாக "சாப்பிட்டாச்சா அப்பா" என்பதற்கு மேல் அவள் என்னிடம் பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும். அன்று அணித் தேர்வில் அவள் தோற்றபோது நான் சொன்ன வார்த்தை அப்படி.

உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

உன் அண்ணன்,
ரகுபதி


இன்வர்கார்கில்,
29 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபிக்காதீர்கள். இங்கே மான் வேட்டைப் பருவம். துப்பாக்கிக் கடையில் மூச்சுவிட நேரமில்லை. நாங்கள் நலம். அண்ணிக்கு நல்ல எண்ணெய் வாங்கித் தேய்த்துவிடுங்கள்.

ரைபிள் விஷயத்தில் நான் போன தடவை சொன்னதுதான். அறுத்துக் கடைந்து எடுத்துவிடுங்கள். ரிசீவரையும் சேர்த்துக் கழிவில் போட்டாலும் கிளப்புக்கு நஷ்டமில்லை. இந்த வயதில் குறடில் தொங்கி இடுப்பைப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

அனு வேறு ஏதாவது சொன்னாளா? ரைபிளைப் பற்றி?

தம்பி,
வெங்கட்


ஈசூன்,
14 மே 2025

தம்பி வெங்கட்டுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் அப்படியே என்று எண்ணுகிறேன்.

அனு வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொன்னது உனக்கு எதற்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை.

நேற்று ஒன்றைப் பார்த்தேன். கட்டையைக் கழற்றிவிட்டு, ஊறிய எண்ணெயைத் துடைத்தேன். நீ சொன்ன எண்ணெய் நல்ல எண்ணெய்தான். மேலே பூசியிருந்த கறுப்புச் சாயத்தையும் உரித்துக்கொண்டு வந்துவிட்டது. பேரலும் ரிசீவரும் சேரும் இடத்தில் அடிப்பக்கம் நாம் ஒரு கோடு வெட்டுவோமே, இரண்டிலும் பாதிப் பாதியாக? பேரல் முழுசாக உட்கார்ந்தால் கோடும் கோடும் சேரும். சேர்ந்தால் சரி என்று கையெழுத்துப் போடுவோம். பதினான்காம் எண்ணில் கோடு சேர்ந்துதான் இருக்கிறது. ஆனால் பேரலில் அதற்கு ஒரு நூல் தள்ளி இன்னொரு கோடு இருந்திருக்கிறது. யாரோ அரம் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். கண்ணாடி வைத்துப் பார்த்தால் தடம் தெரிகிறது.

பேரல் முழுசாக உள்ளே போகவில்லை. போனது மாதிரி புதுக்கோடு வெட்டியிருக்கிறது. அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் 2011-இல் நான் கையெழுத்துப் போட்டேன். தம்பி செய்த வேலை என்று கோட்டுக்கு மேல் எதையும் பார்க்கவில்லை.

நேராகக் கேட்கிறேன், நேராகச் சொல்: அந்தப் புதுக்கோட்டை வெட்டியது நீயா? உன் கடிதம் வரும்வரை அதைத் தொடப்போவதில்லை.

ரகுபதி


ஈசூன்,
2 ஜூலை 2025

வெங்கட்டுக்கு,

ஏழு வாரம் காத்திருந்தேன். பாக்கியம் தினமும் கீழே போய்த் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு ஏறி வந்தாள்.

சூடு காட்டாதே என்று உன் கைப்பட எழுதினாய். துப்பாக்கியைச் சீர்செய்கிற ஆர்மரர் வேலை தெரிந்த எவனும் அதைத்தான் சொல்வான். அதனால் நானும் சந்தேகப்படவில்லை. போன வாரம் கையூம் பட்டறைக்குப் போனேன். அவர் என் காதோடு வாய் வைத்துக் கத்தினார்: "அண்ணே, நெருப்பு வேணாம். சுடுதண்ணி ஊத்துங்க. கொதிக்கிற தண்ணி நூறு டிகிரிக்கு மேல போகாது, இரும்புக்கு ஒண்ணும் ஆகாது. பசையா இருந்தா இளகிடும்." பசை என்ற வார்த்தையை எனக்கு முன்னால் அவர்தான் சொன்னார்.

ரஞ்சனைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு கெட்டிலில் கொதிக்கவைத்து, ரிசீவரைச் சுற்றித் துணி கட்டி ஊற்றினேன். மூன்றாவது கெட்டிலில் பேரல் திரும்பியது. மூன்றடிக் குறடு வேண்டியிருக்கவில்லை, ஒரு கையே போதும். மரையெல்லாம் அறுந்து கிடக்கிறது. நடுவில் இரண்டு டியூப் கலந்து பூசுகிற பசை, மஞ்சளாக, இளகிப்போய். பேரலைப் பிடித்துக்கொண்டிருந்தது மரை இல்லை, பசை.

பிறகு தேர்வில் அனு சுட்ட குறி அட்டைகளை பீரோவிலிருந்து எடுத்தேன். அணிக்குத் தேர்வு நடந்த அந்த மத்தியான வெயிலில் அவள் சுட்ட அறுபது குண்டு. முதல் இருபதும் நடுவட்டத்துக்குள். அதற்குப் பிறகு வலது பக்கம் மேலே, வலது பக்கம் மேலே, ஒவ்வொன்றாக நகர்ந்து போயிருக்கிறது. "இருபது ரவுண்டுக்கு மேல ரைட்ல போகுதுப்பா, ரைபிள்ல ஏதோ இருக்கு" என்று அவள் அன்றைக்கே சொன்னாள். நீ ஏர்கான் அறைக்குள் பத்துக் குண்டு சுட்டுக் காட்டி, "ரைபிள் நல்லா இருக்கு அண்ணே" என்றாய். நான் நாலு பேர் முன்னால் அவளிடம், "சித்தப்பா செஞ்ச வேலைய குத்தம் சொல்லாத. உன் கை நடுங்குது, ஒத்துக்கோ" என்றேன்.

நடுங்குகிற கை நாலா பக்கமும் சிதறும், வெங்கட். ஒரே பக்கம் போகாது. இதைப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதல் வாரமே சொல்லிக் கொடுக்கிறவன் நான். என் மகள் அட்டையை நான் பார்க்கவே இல்லை. இன்றைக்கு அந்தக் கைதான் துவாஸில் நாற்பது டன் பெட்டியைக் கப்பலிலிருந்து தூக்கி லாரியில் வைக்கிறது.

அறுத்துக் கடைந்து எடு என்று ஏன் எழுதினாய் என்று இப்போது புரிகிறது. கடைந்திருந்தால் எல்லாம் தூளாகப் போயிருக்கும்.

ரகுபதி


இன்வர்கார்கில்,
21 ஜூலை 2025

அண்ணே,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் முதலில் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியது எல்லாம் உண்மை. மரை கோணலாக ஏறிவிட்டது. நான் பிடிவாதமாகத் திருகினேன், அறுந்துவிட்டது. ரிசீவரே வீண். இங்கே வேலைக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த நற்சான்று என் கைக்கு வந்த வாரம் அது. கிளப்புக்குத் தெரிந்திருந்தால் அதைக் கிழித்துப் போட்டிருப்பார்கள். பசை தாங்கும் என்று நினைத்தேன். அனு புகார் சொன்னபோது பத்துக் குண்டு சுட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. பதினொன்றாவது சுட எனக்குத் தைரியம் வரவில்லை.

பதினான்கு வருடம் இதைச் சுமந்திருக்கிறேன். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், மன்னித்துவிடுங்கள்.

ஒன்றே ஒன்று. அனுவிடம் மட்டும் சொல்லாதீர்கள். அவள் மறந்திருப்பாள். இப்போது கிளறினால் உங்கள் இரண்டு பேருக்கும்தான் மனக்கசப்பு கூடும். உங்கள் நன்மைக்காகச் சொல்கிறேன்.

தம்பி,
வெங்கட்


ஈசூன்,
3 ஆகஸ்ட் 2025

என் மகள் அனுப்ரியாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஒரே ஊருக்குள் இருந்துகொண்டு தபாலா என்று சிரிக்காதே. நேரில் சொன்னால் நீ சொல்லும் பதில் எனக்குக் கேட்காது. கேட்காமலே தலையாட்டிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இரவு ஷிப்ட் அதிகம் போடாதே.

உன் ரைபிளைத் திறந்துவிட்டேன். நீ சொன்னது சரி. இருபது குண்டுக்கு மேல் அது வலது பக்கம்தான் போயிருக்கும். பேரலைப் பசை போட்டு ஒட்டியிருந்தது. பேரல் சூடானதும் பசை இளகியிருக்கிறது. செய்தவர் உன் சித்தப்பா. ஒத்துக்கொண்டுவிட்டார். அவர் கடிதத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன்.

உன் கை நடுங்கவில்லை. நடுங்கியது என்று சொன்னவன் நான். ஒரு கோட்டை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவனும் நான். உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

அப்பா


தெம்பனிஸ்,
12 ஆகஸ்ட் 2025

அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கிறேன். என் தமிழ் இப்போது ரொம்ப மோசம், தப்பு இருந்தால் விட்டுவிடுங்கள். உங்கள் லெட்டரை பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன்.

சித்தப்பாவின் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒன்று அதில் இல்லை. அப்பா, உங்களுக்கு நிஜமாகவே தெரியாதா?

செலெக்ஷன் முடிந்த அன்று சாயங்காலம் நான் சித்தப்பாவிடம் போனேன். அப்பீல் பண்ண மூன்று நாள் டைம் இருந்தது. அவர் என்னை ஆயுத அறைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது. "அனு, ரைபிள்ல பிரச்சன இருக்கு, நீ சொல்றது கரெக்ட். உங்கப்பாவுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டாரு. நீ அப்பீல் பண்ணா ரைபிளைத் திறப்பாங்க, அப்பா வேல போயிடும். அவர்கிட்ட மட்டும் கேட்டுடாத, தாங்க மாட்டாரு."

எனக்குப் பதினெட்டு வயது. நான் கேட்கவில்லை. அப்பீலும் பண்ணவில்லை. மறுபடி கிளப் பக்கம் போகவில்லை. கை நடுங்குது என்று நீங்கள் தெரிந்தே சொன்னீர்கள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்தேன். உங்கள் வேலைக்காக நான் தோற்றுக் கொடுத்தேன், அதற்கு ஒரு வார்த்தைகூட நீங்கள் சொல்லவில்லையே என்று கோபம். மார்ச்சில் நீங்கள் அந்த ரைபிளைத் திறக்கிறேன் என்றபோது, ரிட்டயர் ஆகிற நேரத்தில் மாட்டிக்கொள்ளப் போகிறாரே என்று பயந்தேன். அதனால்தான் தொடாதீங்க என்றேன்.

நீங்கள் தெரியாமல்தான் சொன்னீர்கள் என்று இப்போது தெரிகிறது. ஆனாலும் ஒன்று எழுதியாக வேண்டும். அன்றைக்கு நான் சொன்னதை நீங்கள் நம்பவில்லை. அவர் சொன்னதை நம்பினீர்கள். அதே நாளில் நானும் உங்களிடம் கேட்காமல் அவர் சொன்னதை நம்பினேன். நாம் இரண்டு பேரும் அவரைத்தான் நம்பினோம்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

அனு


ஈசூன்,
25 ஆகஸ்ட் 2025

வெங்கட்,

நலம் விசாரிக்க இந்த முறை கை வரவில்லை.

அனுவிடம் சொல்லாதே என்று ஏன் கெஞ்சினாய் என்று தெரிந்துவிட்டது. என் நன்மைக்கு இல்லை. நானும் அவளும் பேசிக்கொண்டால் நீ என் பெயரைச் சொல்லி அவள் வாயை அடைத்தது வெளியே வந்துவிடும் என்று. மரை அறுந்தது கைத்தவறு. எனக்கும் அறுந்திருக்கிறது. பசை போட்டது பயம். அதைக்கூட நான் ஒருநாள் மன்னித்திருப்பேன். பதினெட்டு வயதுப் பெண்ணிடம் போய், உன் அப்பன் தெரிந்தே உன்னைத் தோற்கவைத்தான் என்று சொன்னாயே, அதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகும் வருடா வருடம் எனக்குத் தீபாவளி வாழ்த்து எழுதினாய், "அனு எப்படி இருக்கிறாள்" என்று கேட்டாய். அவள் இன்னும் வாயைத் திறக்கவில்லைதானே என்று தெரிந்துகொள்ளக் கேட்டிருக்கிறாய். நான் அவள் மேல் பாசம் என்று நினைத்து, பக்கம் பக்கமாகப் பதில் எழுதினேன்.

நடந்ததை எல்லாம் எழுதி, ரஞ்சனிடம் கொடுத்துவிட்டேன். உன் பெயரும் இருக்கிறது, சரியாகப் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட என் பெயரும் இருக்கிறது. அவளுக்குப் போன இடம் போனதுதான், அது திரும்பாது. ஆனால் கிளப் ஏட்டில் அவள் பெயருக்கு நேரே, துப்பாக்கிக் கோளாறு என்று எழுதியிருக்கிறார்கள். அதன் நகலை அவளிடம் கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு வந்தாள். எனக்கு இடது காது கொஞ்சம் தேவலை என்று, அந்தப் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம் பேசினாள், சில நேரம் கத்தினாள், ஒரு தடவை மேஜையைத் தட்டினாள். பாக்கியம் சமையலறையில் அழுதுகொண்டே நின்றாள். எனக்குப் பாதிதான் கேட்டது. "மிச்சத்த எழுதித் தரியா?" என்று கேட்டேன். "தரேன்பா, நிறைய இருக்கு" என்றாள்.

இனிமேல் நீ அனுப்புகிற கடிதத்தை நான் பிரிக்கப்போவதில்லை. அப்படியே அனுவிடம் கொடுத்துவிடுவேன். படிப்பதும் பதில் எழுதுவதும் அவள் விருப்பம். நீ என்னிடம் எதையாவது சொல்ல நினைத்தால், அவளுக்கு எழுது.

ரகுபதி